ஏரிக்கரையும் கலங்கலும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி நிதியைக் குறித்தும் திருமண மண்டபத்தைக் குறித்தும் ஆராய்தற்கெனக் கூடிய இச்சபையில், யாம் ஏரிக்கரையைப் பற்றிப் பேசப் புகுந்தோம். "பண்டிதர் ஏட்டை விடுத்து மண்வெட்டியைக் கைக்கொண்டனரோ?" என்று சிலர் நகைத்தலுங் கூடும். நம் குடும்பங்களுட் பெரும்பாலன உண்ணுஞ் சோறு ஏரி தந்த சோறே. ஏட்டிற்கும் ஏரி புதிதன்று. பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் புறநானூற்றிற் கூறிய அறிவுரை, நிலங் குழிந்தவிடமெல்லாம் நீர்நிலை அமைத்துப் பெருக்குக என்பதேயன்றோ?

ஏரியின் அமைப்பு யாவரும் அறிந்ததே. சரிந்த நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் மண்ணாற் கரை எடுத்து, நீர் வருதற்கு வரத்துக்காலும், வயலுக்குப் பாய்தற்கு மதகும், மிக்க நீர் கழிதற்குக் கலங்கலும் வைத்தனர் நம் முன்னோர். இத்தகைய நீர்நிலைகள் தமிழ்நாட்டில் 39,000-க்கு மேல் உள்ளன. ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி ஐப்பசி தொடங்கிச் சில வாரங்களிற் கொட்டித் தீர்ந்துவிடுகின்றது. அதனைத் தேக்கி வைத்து, வயலுக்கும் ஆடுமாடுகளுக்கும் அளிப்பதோடு, கரைக்குக் கீழுள்ள கிணறுகளின் ஊற்றையும் வற்றாது காப்பது ஏரியே. குழாயைத் திருகி நீர் பிடிக்கும் நம் வீட்டுப் பெண்டிர், அந்நீரும் பல ஊர்களில் ஏரியின் ஊறலே என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி, கரை எவ்வாறு அழிகின்றது என்பதை நோக்குவோம். மண்கரை தன்மேற் சாய்ந்து நிற்கும் நீரைத் தாங்கும். தன்னை மேவி வழியும் நீரைத் தாங்காது. வழியும் நீர் கரையின் வெளிச்சரிவை அரித்துக்கொண்டே உள்நோக்கிச் செல்ல, சிறிது நேரத்திற் கரை வாய்பிளந்து விடும். மற்றொரு கேடு உள்ளிருந்து வருவது. எலிவளையும், நண்டுவளையும், பட்டுப்போன மரத்தின் உளுத்த வேரும், மதகுக் கட்டடத்தை ஒட்டிய இடுக்கும் நீருக்கு வழியாகும். வெளிப்புறத்திற் கசியும் நீர் தெளிந்திருப்பின் கண்காணித்தல் போதும். கலங்கியிருப்பின், அது கரையின் மண்ணைக் கொண்டுபோகின்றது என்க. அப்போது கசியும் வாயைக் களிமண்ணால் அடைப்பது பிழை. அடைபட்ட நீர் வேறோரிடத்திற் பீறிடும். மணலிட்டு, அதன்மேற் சரளையிட்டு, அதன்மேற் கல்லை அடுக்கினால், நீர் வெளியேறும்; மண் உள்ளே நிற்கும்.

ஆகவே, கரைக்கு உயிர்க்காவலாவது கலங்கல். அஃது ஒருசிறிது உயர்ந்தால் நீர் பெருகுமே என்னும் ஆசை எல்லா நாட்டினர்க்கும் உண்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்தில் சவுத் போர்க் என்னுமிடத்தில் 72 அடி உயரமுள்ள மண் அணை ஒன்று இருந்தது. அதன் அடியிலிருந்த இரும்புக் குழாய்கள் முன்னமே பெயர்த்து விற்கப்பட்டிருந்தன. பின்னர் அதனை வாங்கிய செல்வர் கழகத்தார், வண்டி செல்லுதற்பொருட்டுக் கரையின் உச்சியைத் தாழ்த்தினர். வளர்த்த மீன் தப்பாதிருக்க, நீர் கழியும் வாயில் வலைத்தட்டி கட்டினர். 1889-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள் பெருமழை வந்தது, அணை உடைந்தது, கீழிருந்த ஜான்ஸ்டவுன் நகரும் அதன் சுற்றுப்புறமும் 2,200-க்கு மேற்பட்ட உயிர்களை இழந்தன. மீன்குத்தகைக்காகக் கலங்கலில் மூங்கிற்றட்டி கட்டும் நம் ஊரார் இதனைச் செவிமடுப்பாராக.

பிறரைச் சொல்லுவானேன்? எம் குற்றத்தையே சொல்லுகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன், எம் ஊரில் இரண்டாண்டு மழை பொய்த்தபின் ஏரி நிரம்பத் தொடங்கிற்று. நம்மவராகிய ஆயக்கட்டுதாரர் கூடிக் கலங்கலின்மேல் மணல் மூட்டைகளை முழ உயரத்திற்கு அடுக்கினர். மூட்டைக்கு யாமும் பணம் ஈந்தோம். கார்த்திகையில் ஒருநாள் நள்ளிரவில் மழை பெய்து, நீர் கரையின் உச்சிக்கு ஒரு சாண் அளவில் வந்து நின்றது. ஊர் உறங்கியது. உறங்காதிருந்தவர் முதியவராகிய நீர்க்கட்டி ஒருவரே. அவர் நம் தெருவினர் அல்லர்; நம் குலத்தினரும் அல்லர். ஆழ்குழாய்க் கிணறுகள் வந்தபின், அவர்க்குரிய களத்து நெல்லை நாம் நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் கதவு தோறுந் தட்டி எழுப்பி, இடுப்பளவு நீரில் தாமே முதலில் இறங்கி மூட்டைகளைத் தள்ளினார். பொழுது புலர்கையில் நீர் இறங்கிற்று. கரையும் ஊரும் பிழைத்தன. கூலி நிறுத்தப்பட்டவர் கடமையை நிறுத்தவில்லை. அன்று யாம் அடைந்த நாணம் இன்றளவும் நீங்கிற்றில்லை.

எல்லா ஊரும் இவ்வாறு பிழைத்தில. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தபோது, தூத்துக்குடி மாவட்டத்தில் பல குளங்களின் கரைகள் உடைந்ததை நாம் அறிவோம். மேலேரி உடைந்தால் அதன் வெள்ளம் கீழேரியின்மேற் பாயும். ஒருவர் செய்த பிழை பத்தூருக்குக் கேடாகும்.

இதனைக் காக்க வேண்டியவர் யாவர்? 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றிற் சிலவற்றையுமே தழுவுவது. நம் கரையோ இரண்டாள் உயரம். 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அவர்கட்கும் ஏரிகள் பல, கண்கள் சில. நாள்தோறுங் கரைமேல் நடப்பவர் நாமே. கரை உடையுந் தறுவாயில் ஊரார் உழைத்தல் கடன் என்று 1858-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்திற் சட்டமே இயற்றப்பட்டது. அதற்கும் பன்னூறாண்டு முன்னர், முதற் பராந்தக சோழன் காலத்தில் உத்திரமேரூரில் ஏரி வாரியம் இருந்தது. கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவர்தம் நெருங்கிய உறவினரும் வாரியத்திற்கு ஆகார் என்று அவ்வூர்க் கல்வெட்டு விதிக்கின்றது. உறவு நோக்கிக் குற்றம் மறைத்தல் கூடாதென்பது அதன் கருத்து. குலச்சங்கமாகிய நமக்கு இவ்விதி மிகவும் வேண்டுவது. கலங்கலின் போக்குக்காலைச் சுருக்கித் தென்னை வைத்திருப்போருள் நம் உறவினரும் உளர். அவரை நாமே முதலிற் கேட்டல் வேண்டும்.

ஆதலின், சபையோர் முன் நான்கு வேண்டுகோள் வைக்கின்றோம். புரட்டாசி முடியுமுன் குடும்பத்திற்கு ஒருவர் வந்து, கரையிலுள்ள முட்செடிகளை நீக்கி, வளைகளைத் தோண்டி அடைத்துக் கெட்டித்தல் வேண்டும். கலங்கலில் மூட்டையோ தட்டியோ வைப்பதில்லை எனத் தீர்மானம் இயற்றல் வேண்டும். வண்டல் எடுப்போர் கரையடியைத் தோண்டாது, உரிய அனுமதி பெற்று ஏரியின் உட்பரப்பில் எடுத்தல் வேண்டும். நீர்க்கட்டிக்குரிய நெல்லை நம் குடும்பங்கள் மீண்டும் அளத்தல் வேண்டும். இவற்றை நம்மவர் தனித்துச் செய்யாது, எல்லாத் தெருவினரையும் அழைத்து ஒருங்கே செய்தல் வேண்டும். கரை உடைந்தால் வெள்ளம் குலங் கேட்டு நுழையாது.

மதுராந்தகத்தில் எழுந்தருளியிருக்கும் இராமபிரானுக்கு ஏரிகாத்த இராமர் என்பது திருநாமம். அப்பெருமான் அன்று காத்தருளினார் என்று நம்பி வணங்குகின்றோம். நம்பிக்கை நன்றே. எனினும், கலங்கலை நாம் அடைத்து வைத்துக் கரையை அவர் காக்க வேண்டுமென்பது பக்தி ஆகாது. எம் சொல்லிற் குற்றமிருப்பின் பொறுத்தருள்க. வரும் ஞாயிறன்று காலை மண்வெட்டியுடன் கலங்கலருகே காத்திருப்போம்.