ஆச்சி தந்த வேதம்

பூட்டன் காலத்தில் நாங்க வேதத்துக்கு வந்தோம். "நாம வேதக்காரங்கடா, எவனுக்கும் கைகட்டாதே" என்பாள் ஆச்சி. 1981இல் தென்காசிப் பக்கம் மீனாட்சிபுரத்து மக்கள் இசுலாத்துக்குப் போனதும் அந்த மரியாதையைத் தேடித்தான்.

எங்க வேதக்கோயிலில் இராப்போஜனத்துக்கு ஒரே பாத்திரம். கல்லறைத் தோட்டத்தில் மட்டும் நடுவே சுவர். ஆச்சி சுவருக்கு அந்தப் பக்கம் கிடக்கிறாள்.

அரசு என்ன சொல்லுது? 1950 ஆணைப்படி இந்துக்களுக்கே பட்டியல் சாதி உரிமை. 1956இல் சீக்கியர், 1990இல் பவுத்தர் சேர்ந்தார்கள். நாம் வெளியே. ஞானஸ்நானத் தண்ணியில் சாதி கரைஞ்சிட்டதாம்! குற்றால அருவியில் நாள்பூரா நின்னாலும் கரையாதது, தோழர்களே.

ஜெபத்தோடு ஆச்சி தந்த நிமிர்வை என் மகளுக்குத் தருவேன். அந்தச் சுவரைத் தரமாட்டேன். அதை நாமதான் இடிக்கணும்.