தைரொக்சினும் தேத்தண்ணியும்

தைரொயிட் சுரப்பு குறைந்தவர்களுக்குத் தரும் தைரொக்சின் மாத்திரை, வெறும் வயிற்றில் தண்ணீரோடு போனால்தான் உடம்பில் சரியாகச் சேரும். தோட்டத்திலோ விடிந்ததும் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்கு ஓட வேண்டும். மாத்திரையும் தேத்தண்ணியும் ஒரே மடக்கில் போய்விடுகின்றன. பிறகு மருந்து கேட்கவில்லை என்கிறோம். முதலில் மாற்ற வேண்டியது அந்த மடக்கைத்தான். தேத்தண்ணிக்கு முன் அரை மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்புச்சத்து, கல்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேரம்.

அதிகாலையில் அதற்கு நேரமேது என்பீர்கள். நியாயம்தான். நெதர்லாந்தில் 2010இல் வெளியான ஆய்வில், மாத்திரையைக் காலையில் போட்டபோதைவிடப் படுக்கும் நேரத்தில் போட்டபோதே ஹோர்மோன் அளவு மேம்பட்டது. ஆகவே டாக்டரைக் கேட்டு, இராச்சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் போடலாம். அயடீன் உப்பு இருக்க மாத்திரை எதற்கு என்றும் கேட்பீர்கள். உப்பு அயடீன் குறையைத்தான் தீர்க்கும். பழுதான சுரப்பியின் வேலையை மாத்திரைதான் செய்ய வேண்டும்.