வேறு பிரபஞ்சங்கள் உண்டா?

(நூற்றாண்டு விழாவையொட்டி உயர்தர வகுப்பு மாணவியர் முன்னிலையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர்களை மேடைக்கு அழைத்தால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவார்கள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். இம்முறை வேறொரு விடயம் பேச அனுமதி கேட்டோம். அது எங்கள் வகுப்பின் பழைய கேள்வி ஒன்று.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது எங்களுக்கு 15 வயது. சாவகச்சேரிப் பக்கம் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் எங்கள் வகுப்பைச் சேர்ந்த மூவரின் குடும்பங்கள் ஒன்றாகத் தங்கியிருந்தன. மின்சாரம் இல்லாத காலம். மழை விட்ட ஓர் இரவில் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்தோம். அவ்வளவு வெள்ளிகள்! அப்போது எங்களில் ஒருத்தி கேட்டாள்: "இதே மாதிரி வேறை ஒரு உலகம் எங்கையாவது இருந்தால், அங்கை நாங்கள் இப்ப வீட்டிலை படுத்திருப்பமோ?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. கேட்டவள் இன்று கனடாவிலிருந்து வந்து இந்த மண்டபத்தில் இரண்டாவது வரிசையில் இருக்கிறாள். பெயரைச் சொல்லமாட்டோம். இன்றைய உரை அவளுக்கு முப்பது ஆண்டுகள் பிந்திய பதில்.

பல உலகங்கள் என்ற எண்ணம் எங்கள் ஊருக்குப் புதிதன்று. கோயிலில் கந்தபுராணப் படிப்புக் கேட்ட எங்கள் அம்மம்மாமாருக்குச் சூரபன்மன் 1008 அண்டங்களை ஆண்டது தெரியும். அவர்களிடம் போய் "வேறு அண்டங்கள் இருக்குமோ?" என்று கேட்டால் சிரித்திருப்பார்கள். ஆனால் விஞ்ஞானம் கேட்பது இன்னொரு கேள்வி: இருப்பதை எப்படி அறிவது?

எங்கள் சங்கம் தொடங்கிய காலத்தில், ஏறத்தாழ 100 ஆண்டுகளுக்கு முன்னர், இதே கேள்வியில் வானியலாளர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். வானில் மங்கலான மேகங்கள் போலச் சில சுருள்கள் தெரிந்தன. அவை எங்கள் பால்வீதிக்கு உள்ளே இருப்பவையா, அல்லது வெளியே தனித்தனியாக இருக்கும் 'தீவுப் பிரபஞ்சங்களா'? 1920 ஏப்ரலில் வாஷிங்டனில் இரு வானியலாளர்கள் இதைப் பற்றி விவாதித்தார்கள். பால்வீதி 3 இலட்சம் ஒளியாண்டு அகலமானது, அதுவே எல்லாம் என்றார் ஹார்லோ ஷாப்லி. இல்லை, வெளியே வேறு பல உண்டு என்றார் ஹீபர் கேர்ட்டிஸ். இருவரிடமும் நல்ல நியாயங்கள் இருந்தன. நம்பகமான தூர அளவுதான் இருக்கவில்லை.

அந்த அளவுகோலை முன்னரே செய்து வைத்திருந்தவர் ஒரு பெண். ஹென்றியேற்றா லெவிற் என்பது அவர் பெயர். ஹார்வர்ட் வான் ஆய்வகத்தில் குறைந்த சம்பளத்துக்குக் கண்ணாடித் தகட்டுப் படங்களில் நட்சத்திரங்களின் ஒளியை அளந்து பதிவதே அவருக்குத் தரப்பட்ட வேலை. தொலைகாட்டியைக் கையாளும் வேலை அங்கு ஆண்களுக்கே உரியதாக இருந்தது. காதும் சரியாகக் கேளாது. கூடியும் குறைந்தும் ஒளிரும் ஒருவகை நட்சத்திரங்களில், ஒளிர்வு கூடியவை ஒரு சுற்றை முடிக்க அதிக நாட்கள் எடுப்பதை அவர் கண்டார். 1912இல் 25 நட்சத்திரங்களைக் கொண்டு அந்தத் தொடர்பு வெளியிடப்பட்டது. சுற்றின் நாட்களை எண்ணினால் உண்மையான ஒளிர்வு தெரியும். அது எங்களுக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்று பார்த்தால் தூரம் தெரியும்.

1923இல் எட்வின் ஹபிள் அந்திரொமீடா என்ற சுருளில் அத்தகைய நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். கணக்கிட்டபோது தூரம் ஏறத்தாழ 9 இலட்சம் ஒளியாண்டு என்று வந்தது. இன்றைய அளவு 25 இலட்சம். எப்படிப் பார்த்தாலும் அது பால்வீதிக்கு வெளியே. 1925 ஜனவரி 1ஆம் திகதி அந்த முடிவு விஞ்ஞானிகள் கூட்டமொன்றில் வாசிக்கப்பட்டது. விவாதம் முடிந்தது. லெவிற் 1921இலேயே புற்றுநோயால் இறந்துவிட்டார்.

தங்கைமாரே, தை மாதத்தில் மழை ஓய்ந்த பின், நிலவில்லாத முன்னிரவில் வடமேற்கு வானத்தைப் பாருங்கள். வெளிச்சமில்லாத இடமென்றால் அந்திரொமீடா சிறு புகைத் துண்டுபோல வெறுங்கண்ணுக்கே தெரியும். 100 ஆண்டுகளுக்கு முன்னர் 'வேறு பிரபஞ்சம்' என்றால் அதுதான்.

இன்று 'வேறு பிரபஞ்சம்' என்ற சொல்லுக்குப் பொருள் வேறு. எங்கள் பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள். அதற்குள் ஒளி எங்களை வந்தடையக்கூடிய பகுதியை மட்டுமே எங்களால் பார்க்க முடியும். அந்த எல்லைக்கு அப்பாலும் வெளி தொடர்கிறது என்பதைப் பெரும்பாலான விஞ்ஞானிகள் ஏற்கிறார்கள். அடுத்த படி சற்றுத் துணிச்சலானது. பிரபஞ்சம் தொடக்கத்தில் கண நேரத்தில் மிகப் பெரிதாக விரிந்தது என்று 1981இல் அலன் கூத் எழுதினார். அந்த விரிவு எங்கும் ஒரேயடியாக நிற்காது, நிற்கும் இடங்களிலெல்லாம் கொதிக்கும் பாலில் குமிழி எழுவதுபோல ஒவ்வொரு பிரபஞ்சம் தோன்றும் என்று விலென்கினும் லிண்டேயும் வாதிட்டார்கள். எங்களுடையதும் ஒரு குமிழி.

இதற்கு ஆதாரம் உண்டா? 1987இல் ஸ்ரீபன் வைன்பேர்க் ஒரு கணக்குச் செய்தார். வெற்றிடத்தின் சக்தி மிக அதிகமாக இருந்தால் விண்மீன் திரள்கள் உருவாகவே முடியாது. பல பிரபஞ்சங்களில் அது பலவாறாக இருக்குமானால், நாங்கள் இருப்பது அது சிறிதாக உள்ள ஒன்றிலேதான். ஆனால் அது பூச்சியமாக இருக்க வேண்டியதில்லை. 1998இல் பிரபஞ்சத்தின் விரிவு வேகமடைந்து வருவது கண்டுபிடிக்கப்பட்டது. சிறிதளவு சக்தி உண்டு என்பதே அதற்கு எளிய விளக்கம். கணக்குப் பொருந்தியது. ஆயினும், மருந்து கொடுத்த பின் நோயாளி சுகமடைந்தார் என்பதனால் மட்டும் மருந்துதான் சுகப்படுத்தியது என்று நாங்கள் முடிவெடுப்பதில்லை. குமிழிகள் மோதியிருந்தால் ஆதி ஒளியில் அதன் தழும்பு இருக்க வேண்டும் என்று தேடியும் பார்த்தார்கள். உறுதியான தடயம் கிடைக்கவில்லை.

ஆகவே எங்கள் தோழிக்கு முதற் பதில்: இருக்கலாம். 1920இல் இருந்த நிலையில்தான் இன்றும் இருக்கிறோம். நியாயங்கள் உண்டு, அளவுகோல் இல்லை.

ஆனால் அவள் கேட்டது குமிழிகளைப் பற்றியன்று. எங்களுக்கு வேறுவிதமாக நடந்திருக்குமோ என்பதே அவள் கேள்வி. அதே கேள்வியை நாங்கள் பின்னர் வைத்தியசாலை விடுதிகளில் பலமுறை கேட்டோம். டெங்குவில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருவர் கேட்டார்: "டொக்டர், முதல்நாளே கொண்டு வந்திருந்தால் தப்பியிருக்குமோ?" காய்ச்சல் விட்டதும் சுகம் என்று நினைத்து அவர் வீட்டில் வைத்திருந்தார்.

1957இல் ஹியூ எவரெற் என்ற இளைஞர், குவாண்டம் அளவீட்டின் சாத்தியமான முடிவுகள் எல்லாமே நிகழ்கின்றன, ஒவ்வொன்றும் தனிக் கிளையாகப் பிரிகிறது என்று தன் கலாநிதிப் பட்ட ஆய்வில் எழுதினார். வேறொரு கிளையில் அந்தப் பிள்ளை பாடசாலைக்குப் போகிறது என்று அந்தத் தாயிடம் சொல்லலாமா? நாங்கள் சொல்லவில்லை. நாங்கள் ஆசைப்படுவதெல்லாம் எங்கோ நடக்கும் என்று எவரெற்றின் கொள்கை சொல்லவில்லை. நடந்தாலும் அங்கே போகவோ ஒரு கடிதம் போடவோ வழியில்லை. "காய்ச்சல் விட்டால் சுகம் எண்டுதான் எந்தத் தாயும் நினைப்பா. இது உங்கடை பிழையில்லை, அம்மா" என்று மட்டும் சொன்னோம்.

அன்று முதல் காய்ச்சலோடு வரும் ஒவ்வொரு பிள்ளையின் தாயிடமும் ஒன்றைத் தவறாமல் சொல்கிறோம்: டெங்குவில் காய்ச்சல் குறையும் நேரம்தான் ஆபத்தான நேரம். வயிற்றுநோ, தொடர் வாந்தி, சோர்வு, கைகால் குளிர்தல் கண்டால் ஒரு மணித்தியாலமும் தாமதியாதீர்கள். அதைக் கேட்டு நேரத்தோடு வந்து, சுகமாகி வீடு போன பிள்ளைகள் இருக்கிறார்கள். 'வேறுவிதமாக நடந்திருக்குமோ' என்ற கேள்வியால் பயன் உண்டென்றால், அது இந்தப் பிரபஞ்சத்தில், அடுத்த பிள்ளைக்குத்தான்.

எங்கள் வகுப்பில் 38 பேர். 1996இல் பாடசாலை மீண்டும் தொடங்கியபோது 21 பேர் வந்தோம். வராதவர்களின் வாங்குகளை எங்கள் வகுப்பாசிரியை எடுக்கவிடவில்லை. அவர்கள் வந்தால் இருக்க இடம் வேண்டும் என்றார். நால்வர் வந்தார்கள். வாங்கு இருந்தது.

தங்கைமாரே, உங்களில் ஒருவர் லெவிற்றைப் போல அந்த அளவுகோலைச் செய்யலாம். அதுவரை 'இருக்கலாம்' என்பதை 'இருக்கிறது' என்று சொல்லாதீர்கள், 'இல்லை' என்றும் சொல்லாதீர்கள்.