விசாவைப் பார்த்துட்டுக் கடன் கொடுங்க



வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போக நம்ம குழுக்கள்ல கடன் கேட்கிறாங்க. கடன் கொடுக்கும் முன் நான் கேட்கிற முதல் கேள்வி: "என்ன விசா?"

"இப்போதைக்கு விசிட் விசா, போய் இறங்கினதும் மாத்திக்கலாம்னு ஏஜெண்ட் சொன்னார்" என்றால், வேண்டாம் தாயி. அது சுற்றிப் பார்க்கத் தரும் விசா. அதில் வேலை செய்தால் அங்கே சட்டப்படி குற்றம். சம்பளம் தராவிட்டாலும் புகார் சொல்லப் பயப்படணும்.

பத்தாம் வகுப்பு தேறாதவங்க பாஸ்போர்ட் பெரும்பாலும் இ.சி.ஆர். வகை. அதை வச்சு சவுதி, குவைத், ஓமன் போன்ற நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போக, பெண்களுக்கு 30 வயது நிரம்பியிருக்கணும். குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலக அனுமதியும் வேணும். 2016-இல் வந்த விதிப்படி இவங்களை அரசு நிறுவனங்கள் வழியாத்தான் அனுப்ப முடியும். நமக்குச் சென்னையில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கு. முறையா அனுமதி வாங்கிப் போனால் வேலை ஒப்பந்தம் பதிவாகும். 10 லட்ச ரூபாய் காப்பீடும் உண்டு. விசிட் விசாவில் இது எதுவும் கிடையாது.

பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றுக்கும் இரண்டு நகல் எடுங்க. ஒன்று வீட்டில், ஒன்று குழுவில் இருக்கட்டும். இந்தியத் தூதரக எண்ணைத் தாளில் எழுதி, துணிமணிக்குள்ள வச்சுக்கோங்க. செல்போனைப் பிடுங்கினாலும் அந்தத் தாள் கையில் இருக்கும்.

விசா நகல் இணைக்காத மனுவைத் தீர்மானத்தில் ஏற்றாதீங்க. கடன் திரும்புறதைவிட, போனவ பத்திரமாத் திரும்பணும்.