உயர்தெளிவுத் திரையும் தமிழ் எழுத்தும்



மடிக்கணினித் திரைகள் ஆண்டுதோறும் கூர்மை பெற்று வருகின்றன. அவற்றுக்கேற்பப் படத்தொகுப்பு மென்பொருள்களும் புதுப்பிக்கப்படுகின்றன. இது தொழில்நுட்ப வல்லுநர்க்கு மட்டுமே உரிய செய்தி என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. தமிழ்மொழி விழாச் சுவரொட்டி, பள்ளி ஆண்டிதழின் அட்டை, சிராங்கூன் சாலைக் கடையின் பெயர்ப்பலகை ஆகியவை பெரும்பாலும் இன்று இத்தகைய மென்பொருள்களின் வழியாகவே உருவாகின்றன. ஆகவே, மென்பொருள் புதுப்பிக்கப்படும்போது தமிழ் எழுத்துக்கு என்ன நேர்கிறது என்பதே நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் திரையைப் பார்ப்போம். 2012ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஆப்பிள் நிறுவனம் ரெட்டினா திரை கொண்ட மடிக்கணினியை வெளியிட்டது. அதுவரை அந்நிறுவனத்தின் 15 அங்குல மடிக்கணினியின் வழக்கமான திரை, அகலத்தில் 1,440, உயரத்தில் 900 படப்புள்ளிகளைக் கொண்டிருந்தது. புதிய திரையிலோ அவை 2,880, 1,800 என இரட்டித்தன. ஒரு புள்ளி இருந்த இடத்தில் நான்கு புள்ளிகள் அமைந்தன. ஏறத்தாழ 13 இலட்சம் புள்ளிகள் 52 இலட்சமாயின.

பழைய மென்பொருள்கள் புள்ளிக் கணக்கில் வரையப்பட்டவை. 16 புள்ளி அகலமுள்ள ஒரு பொத்தான், புள்ளி சிறுத்த திரையில் தானும் சிறுத்துக் கண்ணுக்கு எட்டாமற் போகும். இயங்குதளம் அதனை இழுத்துப் பெரிதாக்கினாலோ மங்கித் தெரியும். போட்டோஷாப் மென்பொருளின் சிஎஸ்6 பதிப்பு, புதிய ஆப்பிள் திரைக்கேற்ற புதுப்பிப்பை அவ்வாண்டு டிசம்பரில்தான் பெற்றது. கிம்ப் என்னும் கட்டற்ற மென்பொருள், 2018இல் வெளிவந்த 2.10 பதிப்பில், திரையின் அடர்த்திக்கேற்பப் படவுருக்களின் அளவை அமைத்துக்கொள்ளும் வசதியைச் சேர்த்தது.

இந்தக் கூர்மையால் தமிழ் பெறும் நன்மை பெரிது. நம் எழுத்துகளில் பொருள் வேறுபாடு சிறு சுழியிலும் சிறு வளைவிலும் தங்கியுள்ளது. மூன்று சுழி ணகரத்தையும் இரண்டு சுழி னகரத்தையும் பிரிப்பது ஒரு சுழி. 'கி' என்பதையும் 'கீ' என்பதையும் பிரிப்பது மேல்விலங்கின் முனையிலுள்ள சுழிப்பு. மெய்யெழுத்தை அடையாளங்காட்டுவது ஒரே ஒரு புள்ளி. குறைந்த புள்ளிகளைக் கொண்ட திரையில் இவை ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. புதிய திரை அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது.

எனினும், கூர்மை வேறு, சரியான வடிவம் வேறு. ஒருங்குறி முறையின் 1991ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அம்முறையில் எழுத்துகள் ஒலி வரிசைப்படி சேமிக்கப்படுகின்றன. 'கெ' என்பதில் ககரம் முன்னும் ஒற்றைக்கொம்பு பின்னும் பதிவாகும். திரையில் கொம்பு முன்னே நிற்க வேண்டும். 'கொ', 'கோ', 'கௌ' ஆகியவற்றில் உயிர்க்குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் அமைய வேண்டும். இவ்வாறு இடம் மாற்றி அடுக்கும் பணியைச் செய்வது மென்பொருளின் உள்ளே இருக்கும் எழுத்துக்கோப்புப் பொறி. அது தமிழை அறியாவிடில் கொம்பு தன் எழுத்தைவிட்டு விலகித் தவறான இடத்தில் நிற்கும். திரை எவ்வளவு கூர்மையானதோ அவ்வளவு தெளிவாக அந்தப் பிழை தெரியும்!

போட்டோஷாப்பின் பிற்காலப் பதிப்புகளில் மத்தியக் கிழக்கு, தெற்காசிய மொழிகளுக்கான பொறி ஒன்று சேர்க்கப்பட்டது. ஆயினும், அதனை விருப்ப அமைப்புகளுக்குள் சென்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அதை அறியாதவர் குறுக்கு வழிகளை நாடினர். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துருக்களைப் பயன்படுத்துவது ஒரு வழி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அத்தகைய கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே எஞ்சும். தமிழ்ச் சொற்றொடரைப் படமாக ஒட்டிவிடுவது மற்றொரு வழி. படமான எழுத்தைத் தேட இயலாது, திருத்த இயலாது, பார்வையற்றோர்க்குத் திரைவாசிப்பான் படித்துக் காட்டவும் இயலாது. அடர்த்தி மிக்க திரையில் அதுவும் மங்கிப் போகும்.

நான்கு அதிகாரத்துவ மொழிகள் கொண்ட சிங்கப்பூரில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. ஒரே சுவரொட்டியில் மற்ற மூன்று மொழிகளும் எழுத்தாக இருக்க, தமிழ் மட்டும் படமாக இருந்தால், கடைசி நேரத் திருத்தம் தமிழுக்கு மட்டும் வந்து சேராது. வடிவமைப்பவர் தமிழ் அறியாதவராயின், பிரிந்து நிற்கும் கொம்பு அவர் கண்ணில் படவும் படாது.

இத்தகைய சிக்கல்களை எதிர்கொள்வது நமக்குப் புதிதன்று. தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, இணையத்தின் தொடக்கக் காலத்திலேயே தமிழை அதில் ஏற்றப் பாடுபட்டார். 1997இல் தமிழ் இணைய மாநாடு இங்கே நடைபெற்றது. 2000இல் இங்கு நடந்த மாநாட்டின்போதே உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. வழி திறந்தவர்கள் அவர்கள். அவ்வழி அடைபடாமல் காப்பது நம் கடமை.

அதற்கு நாம் செய்யத்தக்கவை எளியவை. மென்பொருள் புதுப்பிக்கப்படும்தோறும் 'கொடி, கோயில், கௌதாரி, கைவினை, கீரை, கண்ணன்' ஆகிய சொற்களைத் தட்டெழுதிப் பார்ப்போம். ஒருங்குறி எழுத்துருக்களையே பயன்படுத்துவோம். அச்சுக்குப் படமாக மாற்ற நேர்ந்தாலும், எழுத்தடுக்கு மாறாத மூலக்கோப்பைத் தனியே பாதுகாப்போம். அச்சேறுமுன் தமிழறிந்த ஒருவர் இறுதி வடிவத்தைப் படித்துப் பார்ப்பதை வழக்கமாக்குவோம். பிழை கண்டால் திரைப்படத்துடன் உருவாக்குநர்க்குத் தெரிவிப்போம். முறையிடும் பயனர் இல்லாத மொழி, அவர்களின் பணிப்பட்டியலில் பின்தங்கிவிடும்.

2021ஆம் ஆண்டு முதல் நம் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவர்க்கும் தமக்கெனக் கற்றல் சாதனம் கிடைக்க வழி செய்யப்பட்டுள்ளது. ஆகவே, இச்சோதனையை ஒரு தமிழ் வகுப்பிலேயே நடத்திவிடலாம். கொம்பு ஏன் இடம் மாறுகிறது என்று ஆராயும் மாணவர், உயிர்மெய் எழுத்தின் அமைப்பையும் அதனூடே கற்றுக்கொள்வார். அடுத்த தமிழ்மொழி விழாவுக்கு நம் பள்ளிகள் ஆயத்தமாகும்போது, சுவரொட்டியில் உள்ள தமிழ் எழுத்தாகவே இருக்கிறதா என்ற கேள்வியை முதலில் எழுப்புமாறு வேண்டி அமைகிறோம்.