நிறம் பார்க்கும் கண்களும் இறைவனின் சாயலும்



நம் வீடுகளில் கருவுற்ற பெண்ணுக்குக் குங்குமப்பூ கலந்த பால் கொடுக்கிறோம். பிள்ளை சிவப்பாகப் பிறக்க வேண்டுமாம். அதே பெண்ணுக்கு ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ஃபோலிக் அமில மாத்திரை கொடுக்கிறார்கள். பிள்ளையின் மூளையும் தண்டுவடமும் குறையின்றி உருவாவதற்காக. குங்குமப்பூ பிள்ளையின் நிறத்தை மாற்றுவதில்லை. மாத்திரையோ உண்மையாகவே பிள்ளையைக் காக்கிறது.

இந்த ஃபோலேட் சத்துக்கும் நம் நிறத்துக்கும் ஓர் உறவு உண்டு. கடும் வெயிலின் புற ஊதாக் கதிர்கள் இந்தச் சத்தைச் சிதைக்கக் கூடியவை. மேல்தோலின் அடியடுக்கில் உள்ள செல்கள் மெலனின் என்னும் நிறமியை உண்டாக்கி, அக்கதிர்களைக் குடைபோல் தடுக்கின்றன. அந்தச் செல்களின் எண்ணிக்கை வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை ஆக்கும் நிறமியின் அளவும் வகையுமே வேறுபடுகின்றன. வெயில் குறைந்த வடநாடுகளில் வாழ்ந்தோருக்கு, வைட்டமின் டி உண்டாகப் போதிய கதிர் உள்ளே செல்ல வேண்டியிருந்தது. எனவே பல்லாயிரம் ஆண்டுகளில் அவர்கள் தோல் வெளுத்தது என்று அறிவியலார் விளக்குகின்றனர். அப்படியானால், கறுப்பு என்று நாம் முகம் சுளிப்பது எதை? தலைமுறை தலைமுறையாகத் தாய் வயிற்றுப் பிள்ளைகளைக் காத்துவந்த கொடையை அல்லவா?

எண்ணிக்கை நூல் 12-ஆம் அதிகாரத்தை நினைவுகூர்வோம். எகிப்துக்குத் தெற்கே, கருநிற மக்கள் வாழ்ந்த கூசு நாட்டுப் பெண்ணை மோசே மணந்திருந்தார். அதைச் சுட்டி மிரியாமும் ஆரோனும் முறுமுறுத்தனர். நடந்தது என்ன? வந்த மருமகளுக்கு ஒரு குறையும் நேரவில்லை. குறை பேசிய நாத்தனாரின் தோல்தான் நோயுற்றுப் பனிபோல் வெளுத்தது. பழிக்கப்பட்ட மோசேயே அவருக்காக மன்றாடினார். மிரியாம் திரும்பி வரும்வரை 7 நாள்கள் மக்கள் எல்லாரும் பயணத்தை நிறுத்திக் காத்திருந்தனர். ஒரு வீட்டில் பேசிய இழிசொல் ஒரு மக்களினத்தின் பயணத்தையே நிறுத்திவிட்டது.

நம் திரு அவையும் இந்தப் பாவத்துக்கு விலக்கல்ல. இன்று, நவம்பர் 3, நாம் விழா எடுக்கும் புனித மார்ட்டின் தே போரஸ் 1579-இல் பெரு நாட்டின் லீமா நகரில் பிறந்தார். தந்தை ஸ்பானிய உயர்குடியினர். தாய் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினப் பெண். பிள்ளை தாயின் நிறத்தோடு பிறந்தது. திருமுழுக்குப் பதிவேட்டில் தந்தையின் பெயர் இல்லை. ஆப்பிரிக்க வழிவந்தோர் துறவற சபையில் முழு உறுப்பினராகத் தடை இருந்ததால், புனித சாமிநாதர் சபை மடத்தில் பணியாளராகவே சேர்த்துக்கொள்ளப்பட்டார். பல ஆண்டுகள் கழித்து, 1603-இல்தான் துறவற வாக்குறுதி கொடுக்க முடிந்தது. ஆனால் அவர் மருந்திட்ட கைகள் எவருடைய நிறத்தையும் பார்க்கவில்லை. பிரபுவுக்கும் அடிமைக்கும் ஒரே பரிவுதான். 1962-இல் திருத்தந்தை 23-ஆம் யோவான் அவரைப் புனிதராக அறிவித்தார்.

சகோதரர்களே, சகோதரிகளே, பெண் பார்க்க வந்தவர்கள் "பொண்ணு கொஞ்சம் கறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போன வீடு நம் தெருவிலேயே இருக்கிறது. அந்த மகள் சிவப்பழகு கிரீம் வாங்கிப் பூசுகிறாள். சில கிரீம்களில் சேர்க்கப்படும் பாதரசம் மெலனினைத் தடுப்பதோடு சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. அவள் உடலில் இறங்கும் நஞ்சு முதலில் நம் நாவிலிருந்து புறப்பட்டது.

ஆகவே இந்த வாரம் மூன்று காரியங்கள் செய்வோம். பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனால் நிறத்தைப் பேசாதிருப்போம். பிள்ளைகளை நிறம் சொல்லிக் கேலியாக அழைக்கும் வழக்கத்தை விடுவோம். வரன் தேடும்போது நிறம் பற்றிக் கேட்பதையும் எழுதுவதையும் நிறுத்துவோம். ஏற்கெனவே யாரையாவது புண்படுத்தியிருந்தால், அடுத்த திருப்பலிக்கு முன் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்போம்.

தம் சாயலில் நம்மைப் படைத்த இறைவன், அந்தச் சாயலை ஒருவர் மற்றவர் முகத்தில் காணும் கண்களை நமக்குத் தருவாராக. ஆமென்.