கேபிளைக் கேட்டுட்டு அப்புறம் சண்டை போடுவோம்

இன்னைக்கு நம்ம தலைப்பு, சீரியல் போர்ட் மானிட்டர்.

ஆர்எஸ்-232 ஸ்டாண்டர்டு வந்தது 1960-ல. இன்னைக்கு லேப்டாப்ல அந்த ஒன்பது பின் போர்ட்டைப் பார்க்கிறதே அபூர்வம். ஆனா ஆர்டுயினோ போர்டுல இருந்து லாரி எடை மேடை வரைக்கும் பல மெஷின்கள் இன்னும் சீரியல்லதான் பேசுது. நடுவுல ஒரு யூஎஸ்பி கன்வெர்ட்டர் இருக்கும், அவ்வளவுதான்.

ஒரு எடை மேடையையே நினைச்சுப் பாருங்க. டிஸ்ப்ளேல 12450 கிலோ. ஆனா கம்ப்யூட்டர் பில்லுல சில நேரம் மட்டும் 450-ன்னு விழுது. மெஷின் கம்பெனி, "சாஃப்ட்வேரைப் பாருங்க"ம்பாங்க. சாஃப்ட்வேர்காரங்க, "மெஷினை மாத்துங்க"ம்பாங்க. நடுவுல காசு போறது சரக்கு ஏத்திட்டு வந்தவருக்கு.

"ஆர்டுயினோ ஐடிஇ-ல சீரியல் மானிட்டர் இருக்கே?"ன்னு கேட்பீங்க. பேருதான் மானிட்டர், அது உண்மையில ஒரு டெர்மினல். போர்ட்டை அதுவே திறந்து பேசும். விண்டோஸ்ல ஒரு காம் போர்ட்டை ஒரு நேரத்துல ஒரு புரோகிராம்தான் திறக்க முடியும். அதனால பில்லிங் சாஃப்ட்வேர் ஓடும்போது அது உதவாது. நிஜமான மானிட்டர் டிரைவர் லெவல்ல உட்கார்ந்து, ரெண்டு பக்கமும் போற ஒவ்வொரு பைட்டையும் நேரத்தோட குறிச்சு வைக்கும்.

இப்போ லாக்கைத் திறந்தா, ஒரு ரீடுல "12". சில மில்லிசெகண்ட் கழிச்சு அடுத்த ரீடுல "450", கூடவே ஹெக்ஸ்ல 0டி 0ஏ, அதாவது வரி முடிஞ்சுதுங்கிற அடையாளம். மெஷின் சரியாத்தான் அனுப்பியிருக்கு. ஒரு ரீடுன்னா ஒரு முழு எடைன்னு சாஃப்ட்வேர்தான் நினைச்சுகிட்டு இருக்கு.

சீரியல்ல "மெசேஜ்"னு ஒண்ணு கிடையாது, வரிசையா பைட்டுகள் வரும், அவ்வளவுதான். 9600 பாட்ல, ஸ்டார்ட், ஸ்டாப் பிட் சேர்த்து ஒரு பைட்டுக்கு 10 பிட். செகண்டுக்கு 960 பைட்தான். அது எந்த இடத்துல துண்டாகி உங்க கைக்கு வரும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. அந்த 0டி 0ஏ வர்ற வரைக்கும் சேர்த்து வச்சு, அப்புறம் படிங்க. பிரச்சினை தீர்ந்தது.

ஒரு எச்சரிக்கை. மானிட்டர் காட்டுறது கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்ததை மட்டும்தான். கேபிள்லயே சிக்னல் கெட்டுப் போச்சான்னு பார்க்க ஆஸிலோஸ்கோப் வேணும்.

அடுத்த தடவை ரெண்டு டீம் ஒருத்தரை ஒருத்தர் கை காட்டினா, முதல்ல அந்த லாக்கை எடுத்து மேஜைல வைங்க. பேச்சு அங்கிருந்து ஆரம்பிக்கட்டும். அடுத்த எபிசோடுல சந்திப்போம்!